எதிரே ஆள் வராத பாதை

ஜேர்மனியின் எல்லை நகரமான சார்புரூக்கனிலிருந்து ஆற்றோரமாகச் சைக்கிளில் போனால் பிரான்ஸ் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. காதுக்குத்தான் தெரியும். எதிரே வருகிறவர்கள் “மோர்கன்” என்று சொல்லிக்கொண்டு கடந்துபோவார்கள். ஒரு வளைவு தாண்டியதும் “பொன்ஜூர்” என்பார்கள். தடுப்பு இல்லை, சாவடி இல்லை, பையைத் திற என்று சொல்ல ஆளில்லை. வணக்கம் மாறிவிட்டால் நாடு மாறிவிட்டது. இத்தனை வருடமாகியும் அந்த வளைவில் என் கை தானாகப் பிரேக்கைத் தொடும். அதைவிட விசித்திரம் ஒன்றுண்டு. இவ்வளவு பேர் முகம் பார்த்து வணங்குகிறார்கள், ஒருவராவது எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை. தாங்கள் வந்த வழியில் என்ன இருக்கிறது என்றும் சொல்வதில்லை.

வளைவுக்கு அப்பால் பழைய கால்வாய் ஒன்று தெற்கே போகிறது. நிலக்கரிப் படகுகளுக்காக வெட்டியது. படகைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தவர்கள் நடந்த வழியில் இப்போது தார் போட்டு, சைக்கிளுக்கும் நடந்துபோகிறவர்களுக்கும் மட்டும் என்று பலகை நட்டிருக்கிறார்கள். பிரான்சின் நாட்டுப்புறம் முழுக்க இப்படி வழிகள் உண்டு. பச்சை வழி என்று பெயர். கார் இல்லை, லொறி இல்லை. இருபுறமும் பொப்லர் மரங்கள், அசையாத நீர், ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கு. நீர்மட்டத்தைக் கூட்டிக் குறைத்துப் படகை ஏற்றி இறக்கும் கதவுகளின் பக்கத்தில் யன்னல் அடைத்த சின்ன வீடுகள். சனிக்கிழமை விடிந்தால் என்னால் வீட்டில் இருக்க ஏலாது. இடுப்பில் ஒரு தண்ணீர்ப் போத்தலோடு புறப்பட்டுவிடுவேன். நம்மவர்களுக்கு இது விளங்குவதில்லை. ஒரு பிறந்தநாள் விழாவில் ஒரு மனிதர், பென்ஸ் காரின் சாவியை மேசைமேல் எல்லோரும் பார்க்க வைத்துவிட்டு, “என்ன அக்கா, காரை வித்துப்போட்டியளோ? கஷ்டமெண்டால் சொல்லுங்கோவன்” என்று மெய்யான இரக்கத்தோடு கேட்டார். சும்மாதான் ஓடுகிறேன் என்றேன். சும்மா ஓடுவதற்கு ஒரு தமிழருக்கு உரிமை உண்டென்று அவர் நம்பவில்லை.

என் தம்பி ரவி இதே நகரத்தில் பேருந்து ஓட்டுபவன். அவனுக்கு அந்த வேலை கிடைத்த நாளில் சீருடையோடு என் வீட்டுக்கு வந்து, கண்ணாடியில் நெடுநேரம் தன்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். சென்ற இலையுதிர்காலத்தில் அவனை விடியற்காலை முதல் ஓட்டத்துக்கு மாற்றினார்கள். காட்டோரக் கிராமங்களைச் சுற்றிவரும் தடம். சில கிழமைகள் கழிந்ததும் அவன் வண்டியை நிறுத்த ஆரம்பித்தான். தரிப்பிடத்தில் ஆட்களை ஏற்றிய பிறகும், கதவை மூடிய பிறகும், இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க, அப்படியே நிற்பானாம். பின்னால் இருந்தவர்கள் கத்தியிருக்கிறார்கள். நிர்வாகத்துக்கு முறைப்பாடு போனது. சுகவீன விடுப்பில் அனுப்பிவிட்டார்கள். இனி அவன் பேருந்தைத் தொடலாமா கூடாதா என்று தீர்மானிக்க நிறுவன வைத்தியரிடம் ஒரு டெர்மின், நாள் குறித்த சந்திப்பு. அதற்குமுன் இரைச்சல் இல்லாத இடத்தில் ஓய்வெடுக்கும்படி குடும்ப வைத்தியர் எழுதிக் கொடுத்தார்.

அவன் மனைவி வசந்தி என்னிடம் வந்தாள். “மச்சாள், நீங்கள் போற இடத்துக்கு இவரையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு போங்கோ. வீட்டிலை வாசல் கதவைத் திறக்கிறதும் றோட்டைப் பாக்கிறதுமாத் திரியிறார். இந்த வேலையும் போனால் மனுசன் உடைஞ்சு போவார்.”

ஓம் என்றேன். எனக்கு மருந்தாகும் வழி அவனுக்கு மட்டும் ஆகாதா? வாகனமே இல்லாத இடம் இதைவிட எங்கே இருக்கிறது?

மே மாதத்துச் சனிக்கிழமை. ரவி தன் மகனின் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தான். ஆற்றோரத்தில் நன்றாகத்தான் இருந்தான், என்னை நக்கலடிக்கும் அளவுக்கு. “அக்கா, உந்தக் காற்சட்டையோடை எங்கடை சனம் உன்னைக் கண்டால் என்னைத்தான் தள்ளிவைக்கும்.” “நீ முன்னுக்குப் பாத்து ஓடடா.” “இந்தச் சீற்றிலை இருக்கிறதுக்கு முள்ளுக்கம்பியிலை இருக்கலாம்.” பக்கத்துப் பெருவீதியின் இரைச்சல் எங்களோடு கூடவே வந்தது. அவன் சீட்டியடித்தான். அவன் சீட்டியடித்து எத்தனையோ காலம். வசந்திக்கு என்ன சொல்லலாம் என்று மனதுக்குள் வசனம் எழுதத் தொடங்கிவிட்டேன்.

கால்வாய்க்குள் திரும்பியதும் பெருவீதி விலகிப் போனது. இரைச்சல் மெலிந்தது, பின் நின்றுவிட்டது. அதன் பிறகு ரவி எதிரே வந்த ஒவ்வொருவரையும் மறித்தான். கையை உயர்த்தி, ஜேர்மனில், முன்னால் என்ன என்று கேட்டான். ஒரு பெண் தன் வரைபடத்தை விரித்துக் காட்டினாள். இன்னொருவன் பசிக்கிறதாக்கும் என்று நினைத்து ஒரு வெதுப்பகத்துக்கு வழி சொன்னான். பிறகு வயதான தம்பதி ஒன்று வந்தது. அந்தப் பக்கத்து முதியவர்களுக்கு வீட்டில் பேசிப் பழகிய ஒருவகை ஜேர்மன் தெரியும். கிழவர் சைக்கிளை நிறுத்தி, முகமெல்லாம் மலர, “முன்னால் ஒன்றுமே இல்லை. அடுத்த படகுக் கதவு வரைக்கும் ஒரு மனிதர் இல்லை. சொர்க்கம்!” என்றார். மனைவி ஆமோதித்துத் தலையாட்டினாள். ஒரு பரிசைக் கையில் தந்துவிட்டுப் போகிறவர்கள்போல் போனார்கள்.

ரவி என் பக்கம் திரும்பினான். “ஒருத்தரும் இல்லையாம்.”

“நல்லதுதானே.”

“என்னத்தை நல்லது?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவன் வழி கேட்கவில்லை. எங்கள் ஊரில் போர் நடந்து பெற்றோல் இல்லாத அந்த வருடங்களில் சனம் முழுவதும் சைக்கிளில்தான் திரிந்தது. வானொலியை நம்பியவர்கள் குறைவு. எதிரே வந்தவர்களைத்தான் நம்பினோம். வேகத்தைக் குறைக்காமலே, தலையை மட்டும் திருப்பி, “முன்னுக்கு என்னவாம்?” என்று கேட்போம். “ஒண்டுமில்லை, போங்கோ.” “அங்காலை போகாதேங்கோ, மறிக்கிறாங்கள்.” முன்பின் தெரியாதவர்களின் அந்த ஒரு வரியில் எங்கள் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது. எதிரே ஆள் வந்துகொண்டிருக்கும் மட்டும் வீதி உயிரோடு இருந்தது. ஆள் வரவு நின்றுவிட்டால், எவ்வளவு வெயிலடித்தாலும் எவ்வளவு குருவி கத்தினாலும், அந்த வீதியில் கால் வைக்கக்கூடாது. இந்த நாட்டவர்கள் காசு செலவழித்துத் தேடி வருகிற அமைதி எங்களுக்கு ஓர் எச்சரிக்கை. தம்பி பேருந்தை நிறுத்திவிட்டு எதற்காகக் காத்திருந்தான் என்பதும் விளங்கியது. எதிர்ப்பக்கத்திலிருந்து ஏதாவது ஒரு வண்டி வரவேண்டும். ஒரு பால் வண்டி, ஒரு குப்பை லொறி, எதுவானாலும். வந்ததும் எடுத்துக்கொண்டு போயிருப்பான்.

நேராக நீண்டு போகும் ஓரிடத்தில் அவன் நின்றுவிட்டான். முன்னால் மரங்களின் நிழல் விழுந்த தார். ஒருவரும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றோம். ஒருவரும் வரவில்லை. எனக்கு நிற்கத் தெரியாது. அது என் வியாதி. வாயில் வந்ததைச் சொன்னேன்.

“நீ நில். நான் போய்ப் பாத்திட்டு வாறன்.”

அவன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில்தான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது.

அப்பா சொன்ன சொல் அது. ஊரே மூட்டை கட்டிக்கொண்டு வெளிக்கிட்ட காலம். ஒரு சந்தியில் அம்மா, நான், பள்ளிக்கூடம் முடிக்காத ரவி, பாய் தலையணை கட்டிய இரண்டு சைக்கிள்கள். எதிரே ஆள் வருவது நின்றுபோயிருந்தது. அம்மா திரும்புவோம் என்றா. அப்பா தன் சைக்கிளில் இருந்த மூட்டையை அவிழ்த்து இறக்கி, சாரத்தை மடித்துக் கட்டி, அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு மிதித்தார். நேரான வீதி. நெடுநேரம் அவர் முதுகு தெரிந்தது. பிறகு தெரியவில்லை. வெடிச்சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. இன்றைக்கும் அதுதான் மனதைத் தின்கிறது. நாங்கள் அந்தச் சந்தியிலேயே நின்றோம், அவர் திரும்பி வரவில்லை. பின்னால் வந்த சனம் எங்களைப் பிடித்து வேறு பாதையால் இழுத்துக்கொண்டு போனபோது, ரவி தலையைத் திருப்பியபடியே நடந்து தடுக்கி விழுந்தான். அம்மா சாகும் வரைக்கும் அந்தச் சந்தியின் பெயரைச் சொன்னதில்லை.

கால்வாய்க் கரையில் இருவரும் புல்லில் உட்கார்ந்தோம். நான் கொண்டுபோன இடியப்பப் பெட்டியை அவன் திறக்கவில்லை.

“நீயும் அப்பாவும் ஒரு சாதி” என்றான். கோபம் இல்லை, பகிடி போலத்தான். “ஒருத்தரும் இல்லாத றோட்டைக் கண்டால் உங்களுக்குக் கால் நிக்காது. கிழமைக்குக் கிழமை நீ இங்கை என்னத்தைத் தேடிக்கொண்டு ஓடுறாய் எண்டு நான் யோசிக்கிறனான்.”

“காத்து வாங்க ஓடுறன்.”

“ஓம், ஓம். காத்து.”

எனக்குச் சுட்டது. இத்தனை வருடமாக விடுதலை என்று நினைத்து நான் மிதித்த மிதி எல்லாம் அந்தச் சந்தியிலிருந்து புறப்பட்டதுதானா? பிரான்சின் எல்லாக் கால்வாய்க் கரைகளும் சேர்ந்து எனக்கு ஒரே வீதியா? ஒரே இடத்தில் நின்ற இரண்டு பிள்ளைகள். ஒன்று நிற்கத் தெரியாமல் போயிற்று, மற்றது நகரத் தெரியாமல்.

சும்மா இருக்க முடியவில்லை. “தண்ணி முடிஞ்சுது. பாலத்தடி ஊருக்குப் போய் வாங்கிக்கொண்டு வாறன்” என்று வந்த வழியைக் காட்டினேன். வந்த வழியில் நான் போவதற்கு அவன் பயப்படவில்லை, தலையாட்டினான். நான் பின்னாலிருந்த பாலத்தில் ஏறி, ஊருக்குள் நுழைந்து, கார் ஓடும் தெருவால் சுற்றி, அடுத்த படகுக் கதவடியில் மறுபடி கால்வாய்க்கு இறங்கினேன். அவனுக்கு எதிரே ஒரு ஆள் வரவேண்டும். அவ்வளவுதானே? இந்த உலகத்தில் வேறு யாரும் வராவிட்டால் நான் வருகிறேன். மூச்சு வாங்க மிதித்தேன். தூரத்தில் அவன் எழுந்து நிற்பது தெரிந்தது. கையால் வெயிலை மறைத்து என்னைப் பார்த்தான். யார் என்று தெரிவதற்கு முன்பு, அந்தச் சில கணங்கள், அவன் எப்படி நின்றான் என்பதை என்னால் எழுத ஏலாது. கிட்ட வந்ததும் கை கீழே இறங்கியது.

“முன்னுக்கு என்னவாம்?” மற்றவர்களைக் கேட்டதுபோலவே என்னையும் கேட்டான்.

“ஒரு மனுசி உடுப்புக் காயப்போடுறா. நாய் ஒண்டு கட்டாமல் நிக்குது, கடிக்காது. ஒரு ஆள் தூண்டில் போட்டுக்கொண்டு இருக்கிறார். நல்ல வழியடா. வா, போவம்.”

“வேறை ஒருத்தரையும் காணேல்லையோ?”

அவன் யாரைக் கேட்கிறான் என்று எனக்குத் தெரியும். கேட்கிறவனுக்கு நரை விழுந்துவிட்டது. அவனுக்கே மகன் இருக்கிறான். பொய் சொல்ல வாய் வரவில்லை.

“இல்லையடா.”

“ம்.” சைக்கிளை எடுத்து வந்த திசைக்குத் திருப்பினான். “டெர்மினிலை ஏலாது எண்டு சொல்லப்போறன், அக்கா. பஸ்சை விட்டிடுறன். வசந்திக்கு நீ சொல்லு, எனக்குச் சொல்லத் தெரியாது.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவன் காத்திருக்கவில்லை. ஜேர்மனிப் பக்கமாக, ஏற்கெனவே பார்த்துவிட்ட வழியில், திரும்பிப் பாராமல் மிதித்துப் போனான். நன்றாகத்தான் மிதித்தான்.

ஒரு பக்கம் தம்பியின் முதுகு சிறுத்துக்கொண்டே போனது. மறுபக்கம் ஒருவரும் இல்லாத தார், நிழல், நிழலுக்கு அப்பால் வெளிச்சம். என்னுடையவர்கள் போன திசைகள் இரண்டும். ஒரு காலை நிலத்தில் ஊன்றி மறுகாலை மிதியில் வைத்தபடி, நடு வழியில் நான் நின்றேன்.