வேலிச்செடியில் காய்ந்த பதினைந்து துணிகள்

மூன்று வாரம். மூன்று வாரமாக எங்கள் வீட்டு வேலிச்செடி மேல் பதினைந்து குழந்தைத் துணிகள் காய்ந்தன. எங்கள் வரிசையில் எங்களைத் தவிர பதினோரு வீடு. பதினோரு வீட்டுக்காரிகளும் அதைப் பார்த்தார்கள். தண்ணீர் பிடிக்கப் போகும்போது பார்த்தார்கள், கரி வாங்கித் திரும்பும்போது பார்த்தார்கள், வேலை இல்லாதபோது அதைப் பார்ப்பதற்கென்றே வந்தார்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. சிரிப்பதற்குத் திறந்தார்கள், அது வேறு.

அந்தத் துணிகளைத் துவைத்துக் காயப்போட்டவர் என் அக்கா புருஷன் கடோங்கோ. மரம் அறுக்கும் மில்லில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவர். கட்டையைத் தட்டிப் பார்த்தே உள்ளே பொந்து இருக்கிறதா என்று சொல்லுவார். மில்லை மூடினார்கள். அதே மாதம் என் அக்கா சிஷாவுக்கு, சாம்பியாவின் சொல்வேசி நகருக்கு வெளியே உள்ள தாமிரச் சுரங்கத்தில் லாரி ஓட்டும் வேலை கிடைத்தது. சாதாரண லாரி இல்லை. ஏணி வைத்து ஏற வேண்டும், ஒரு சக்கரம் எங்கள் வீட்டுக் கூரையை விட உயரம். காலை நாலரைக்குக் கம்பெனி பஸ், வீடு திரும்ப இரவு ஏழு. குழந்தை லுபுட்டோவுக்கு அப்போது ஒன்பது மாதம்.

"நான் பாத்துக்கறேன்" என்றார் அத்தான். அவ்வளவுதான் நடந்தது. யாரும் செத்துப்போகவில்லை, யாரும் யாரையும் விட்டு ஓடவில்லை. ஆனால் எங்கள் வரிசை இழவு விழுந்ததுபோல நடந்துகொண்டது.

எங்கள் ஊரில் பெற்றவர்களைப் பிள்ளை பெயரை வைத்துத்தான் கூப்பிடுவோம். லுபுட்டோ அம்மா, லுபுட்டோ அப்பா என்று. மறுநாளே எதிர்வீட்டுச் சோலா அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று குரல் கொடுத்தாள்.

"லுபுட்டோ அம்மா! என்ன குழம்பு இன்னிக்கு?"

அத்தான் நிமிர்ந்து பார்த்தார். "கீரையும் பொடி மீனும். நீங்க?"

அவர் பதில் சொன்னது எனக்குத்தான் அவமானமாக இருந்தது. ஒரு கல்லையாவது தூக்கியிருக்கலாம்.

"வீட்டுல பதினாறு வயசுப் பொண்ணு இருக்கறப்ப ஆம்பள ஏன் துணி தோய்க்கணும்?" என்று என்னைக் காட்டியும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நானே கேட்டேன். "காசுபா, நீ ரெண்டு தடவ ஒம்பதாங்கிளாஸ் கோட்டடிச்சாச்சு. மூணாந்தடவ பாஸ் பண்ணு. தோய்க்க எனக்குக் கை இருக்கு" என்றார். வேறு எந்த வீட்டில் அப்படிச் சொல்வார்கள்? நான் நன்றியெல்லாம் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, "கஞ்சி கிண்டறப்ப கொழந்த பேரச் சொல்லிக்கிட்டே கிண்டணும் அத்தான், இல்லன்னா கட்டி தட்டிடும்" என்று சொல்லிவைத்தேன். நான்கு நாள் அடுப்பருகே குந்தி உட்கார்ந்து "லுபுட்டோ, லுபுட்டோ, லுபுட்டோ" என்று கிண்டினார். பொய் என்று தெரிந்த பிறகும் நிறுத்தவில்லை. குழந்தை அதைக் கேட்டுச் சிரிக்கிறதாம்.

தப்பும் செய்தார், இல்லை என்று சொல்ல மாட்டேன். தரைக்குச் சிவப்பு மெழுகு போட்டுத் துணியால் தேய்க்காமல் விட்டார். குழந்தை தவழ்ந்து, உடம்பெல்லாம் சிவந்து, பலியாட்டுக் குட்டி மாதிரி எழுந்தது. குழாயில் தண்ணீர் காலை நாலு முதல் ஆறு வரைதான் வரும். முதல் இரண்டு நாள் ஏழு மணிக்கு வாளியோடு போய்க் குழாயிடம் பேசிவிட்டு வந்தார். கஞ்சியைத் தண்ணீராகக் காய்ச்சினார். பல் இல்லாத வாய்க்குக் கெட்டியாகக் கொடுத்தால் அடைத்துவிடுமோ என்று பயம். அதுதான் பெரிய தப்பு. அடுத்த எடை போடும் நாளுக்கு அக்கா லீவு போட்டுக் குழந்தையைக் கிளினிக்குக்குத் தூக்கிப் போனாள். ஏழு கிலோ அறுநூறு இருந்த குழந்தை ஏழு முந்நூறு ஆகியிருந்தது. கிளினிக்கின் எடை அட்டையில் மேலே ஏறிக்கொண்டிருந்த கோடு குப்புற விழுந்தது.

செய்தி கிட்வேயில் இருக்கும் கலூபா மாமாவுக்குப் போயிற்று. எங்கள் ஆட்களில் அப்பா சொல்வது பேச்சு, தாய்மாமன் சொல்வது சட்டம். போனிலேயே சட்டம் போட்டார்.

"அடுத்த மாசம் நான் வர்றேன். அட்டைய என் கண்ணால பாப்பேன். கோடு ஏறலன்னா சிஷா வேலைய விட்டுட்டு வீட்டுல உக்காரட்டும். ஆம்பள கைல கொழந்தையக் குடுத்தா அப்படித்தான் வத்தும்."

அக்கா போனை வைத்தாள். சுரங்கச் சீருடையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். இரண்டு வருஷம் பழகி வாங்கிய லைசென்ஸ் அவளுடையது.

மாமா போன் செய்து இரண்டு நாள்கூட ஆகவில்லை, குழந்தையின் தொடையிலும் இடுப்பிலும் கட்டிகள் கிளம்பின. சிவப்பாக, நடுவில் ஊசி குத்தினதுபோல ஒரு துளை. லுபுட்டோ பால் குடிக்காமல் கத்தினாள். அத்தான் கொசு என்று நினைத்து வலையைத் தைத்தார். வேர்க்குரு என்று நினைத்துக் குளிப்பாட்டினார். மூன்றாம் நாள் ஒரு கட்டி அசைந்தது. அசைந்தது என்றால், உள்ளிருந்து.

அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். சோலா அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"புழு" என்றாள். "புட்சி ஈ முட்ட போட்டிருக்கு துணியில. ஈரத்துணிய வெளிய காயப்போட்டா போடும். சூடா இஸ்திரி போட்டாத்தான் முட்ட சாகும். போடாமலா கட்டினே?"

"எனக்குத் தெரியாது."

"அதான் வேலி பூரா தொங்கிச்சே. நாங்க பேசிக்கிட்டோம், இந்த மனுஷன் இஸ்திரியே போடறதில்லையேன்னு."

"மூணு வாரமா பாத்தீங்களா?" என்றார் அத்தான். குரல் உயரவில்லை.

"பாத்தோம். கேட்டிருந்தா சொல்லியிருப்போம். ஆம்பளைக்குப் போயி யாரு துணி இஸ்திரி சொல்லிக் குடுக்கறது? வெக்கமா இருக்காது?"

வெட்கமாம்! பத்து மாதக் குழந்தையின் சதையில் புழு நெளிவதைவிட ஓர் ஆம்பளையிடம் "இஸ்திரி போடு" என்று இரண்டு சொல் சொல்வது வெட்கமாம். சாம்பியாவில் எந்த அம்மாவைக் கேட்டாலும் தூக்கத்தில் சொல்லுவாள் இதை. அவளுக்கு அவளுடைய அம்மா சொன்னாள், அக்கா சொன்னாள், பக்கத்துவீட்டுக்காரி சொன்னாள். பிறக்கும்போதே தெரிந்துகொண்டு பிறந்தவள் ஒருத்தியும் இல்லை. அத்தானுக்குச் சொல்ல மட்டும் ஊரில் நாக்கு இல்லை. எனக்கும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் தினமும் என் பள்ளிச் சட்டைக்கு இஸ்திரி போட்டார். அந்தச் சூட்டிலேயே குழந்தைத் துணிக்கும் போட்டிருப்பார் என்று நான் பாட்டுக்கு இருந்துவிட்டேன்.

வாசலில் பாய் விரித்து, சோலா அம்மா சொன்னபடி ஒவ்வொரு கட்டி வாயிலும் அத்தான் வாஸ்லின் களிம்பை அப்பினார். மூச்சு முட்டினால் புழு தானாக மேலே வரும், அப்போது இரண்டு பக்கமும் அழுத்த வேண்டும், பாதியில் அறுந்தால் சீழ் பிடிக்கும். நான் குழந்தையின் கைகளைப் பிடித்துக்கொண்டேன். ஏழு புழு. ஒவ்வொன்று வரும்போதும் அத்தான் "மன்னிச்சுக்கடி" என்றார், குழந்தையிடம். எனக்குக் கண்ணில் தூசி விழுந்தது.

அன்று மாலையே கரி இஸ்திரிப் பெட்டியை மூட்டினார். மில்லில் கதவுக்குப் பின்னால் சாக்கட்டியால் அன்றைய வேலையை எழுதுவாராம். வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் எழுத ஆரம்பித்தார். தண்ணீர் நாலு மணி, முதல் வாளி கொதிக்க. துணி காய்வது வீட்டுக்குள், கொடியில். வெளியே காய்ந்தால் இரண்டு பக்கமும் இஸ்திரி, மடிப்பும் ஓரமும் சேர்த்து, நாடாவையும் விடாமல். கஞ்சி கரண்டியிலிருந்து ஒழுகக் கூடாது, விழ வேண்டும். நிலக்கடலை அன்றன்றைக்கு இடித்தது இரண்டு கரண்டி. பூசண வாடை வந்தால் கொட்டு, காசைப் பார்க்காதே. குழந்தை தூங்கும்போது ஒரு வேலை மட்டும், இரண்டாவதை ஆரம்பித்தால் இரண்டும் பாதி. சந்தைக்காரியிடமும் பஸ் நிலையத்தில் சோள ரொட்டி விற்பவளிடமும் கூசாமல் கேட்டுத் தெரிந்துகொண்டார். அவர்கள் சிரித்தார்கள், சிரித்து முடித்ததும் "அப்புறம்?" என்பார். சாக்கட்டி கதவின் கீழ்க்கட்டை வரை இறங்கியது.

எடை போடும் நாள் வந்தது. அக்காவுக்கு வேலை நாள். இன்னொரு லீவு கேட்டால் மேஸ்திரி முறைப்பான். மாமா வர இரண்டே நாள். எனக்கு வகுப்பு மத்தியானம்தான் என்பதால் நானும் கூடப் போனேன். அத்தான், பெண்கள் இடுப்பில் சுற்றும் சித்தெங்கேத் துணியை உதறிக் குழந்தையை முதுகில் வைத்து முன்னால் முடிச்சுப் போட்டார். எங்கள் ஊரில் ஆம்பளை முதுகில் குழந்தையை யாரும் கட்டிப் பார்த்ததில்லை. சந்தையே எழுந்து நின்றது.

"ஏய் லுபுட்டோ அம்மா! அடுத்தது எப்ப?" என்று தக்காளிக்காரன் கத்தினான்.

"ஒன்னோடது மொதல்ல எழுந்து நடக்கட்டும்" என்றேன். அத்தான் என்னை முறைத்தார். அவன் குழந்தை நிஜமாகவே மண்ணில் கிடந்தது, மூக்கு ஒழுக.

கிளினிக்கில் நாற்பது பெண்கள். எங்கள் முறை வந்தபோது நர்ஸ் அட்டையைக்கூட வாங்கவில்லை.

"அம்மா எங்க?"

"வேலைக்குப் போயிருக்கா சிஸ்டர். நான் அப்பா."

"அம்மாவக் கூட்டிட்டு வா. இது அம்மாமாருக்கான எடம். ஆம்பளகிட்ட நான் என்னத்தக் கேக்கறது?"

"எங்கிட்டக் கேளுங்க, சொல்றேன்."

"அடுத்தவ வாம்மா!"

அவர் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். குழந்தை நனைத்தது, நாற்பது பேர் பார்க்க மடியில் போட்டுத் துணி மாற்றினார். மடிப்புக் கலையாத துணி. யாரும் சிரிக்காதது அதுவே முதல் தடவை. ஆனாலும் கோடு இல்லை. கோடு இல்லையென்றால் அக்காவுக்கு லாரி இல்லை.

நான் குழந்தையைப் பிடுங்கினேன். அத்தானின் சித்தெங்கேயை இடுப்பில் சுற்றி, கைக்குட்டையைத் தலையில் கட்டி, வரிசையில் நின்றேன். பதினாறு வயசு, ஒன்பதாம் கிளாஸ் இரண்டு தடவை ஃபெயில், குழந்தைக்கு எந்தப் பக்கம் வாய் என்று ராத்திரியில் கேட்டால் யோசிக்கிற ஆள். நர்ஸ் நிமிர்ந்து பார்க்காமல் அட்டையை வாங்கிக்கொண்டாள். நீ யார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை! பாவாடை கட்டியிருந்தால் போதும்.

குழந்தையைத் தராசில் தொங்கவிட்டாள். "கஞ்சி எப்படிக் குடுக்கற?"

நான் முழித்தேன். "அது... சட்டியில..."

"காலைல, பத்து மணிக்கு, சாயங்காலம். கெட்டியா. கடல ரெண்டு கரண்டி" என்றது கடைசி பெஞ்ச்.

"பல் வந்திருக்கா?"

"கீழ ரெண்டு. மேல ஒண்ணு எட்டிப் பாக்குது."

"தொடையில என்ன தழும்பு?"

"புட்சி. ஏழு எடுத்தேன். பத்தொம்பது நாளா புதுசு இல்ல."

நர்ஸ் அப்போதுதான் நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள், பெஞ்சைப் பார்த்தாள். முகம் சுருங்கியது. ஆனால் முள் நின்றுவிட்டது, எல்லோரும் பார்த்தாயிற்று: ஏழு கிலோ தொள்ளாயிரம். கோடு போட்டாள். மேல் பக்கமாக. அட்டையைத் திருப்பித் தரும்போது என்னிடம்தான் தந்தாள். "நல்லாப் பாத்துக்கிறம்மா" என்றாளே!

சனிக்கிழமை கலூபா மாமா வந்தார். அக்கா வேலையில். அத்தான் கோழி அடித்துக் குழம்பு வைத்து, சோளக்களி கிண்டி, மூடிவைத்துவிட்டு வெளியே வேப்பமரத்தடிக்குப் போனார். மருமகன் மாமனார் முறையுள்ளவரோடு உட்கார்ந்து சாப்பிடக் கூடாது, அது வழக்கம். நான் பரிமாறினேன். மாமா அட்டையை வெளிச்சத்தில் பிடித்து, கோட்டை நகத்தால் தடவி, இரண்டு உருண்டை களியும் பாதிக் கோழியும் முடித்து, விரலை நக்கினார்.

"சரி. சிஷா வேலைக்குப் போகட்டும்" என்றார். "நீ இருக்கியே, அதான் கொழந்த தேறியிருக்கு. கொழம்பும் அப்படியே உங்கம்மா கைமணம். அந்த மனுஷனுக்கு இதெல்லாம் எங்க புரியப்போவுது?"

"கொழம்பு அத்தான் வெச்சது மாமா."

விரல் வாயிலேயே நின்றது.

"களியும். கஞ்சியும். தண்ணி, துணி, இஸ்திரி, எல்லாம். எனக்கு அடுப்பு மூட்டவே ஒழுங்கா வராது. உங்களுக்கு அந்த அட்டையில ஒரு கோடுதான் தெரியுது. அதுக்குப் பின்னால எத்தன வாளி இருக்குன்னு அவரப் போயிக் கேளுங்க."

மாமா வெகுநேரம் கை கழுவினார். மருமகன் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்ட மாமனாரை எந்த வழக்கத்தில் சேர்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. ஜன்னல் வழியாக மரத்தடியைப் பார்த்தார். அத்தான் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"வேலைக்குப் போகட்டும், சொன்னது சொன்னதுதான்" என்றார் மெதுவாக. "யாரு சமைச்சதுன்னு மட்டும் கிட்வே வரைக்கும் வர வேணாம்." பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "மிச்சக் கோழிய ஒரு டப்பாவுல போட்டுக் குடு. பஸ்ல பசிக்கும்."

நான் அத்தானிடம் போய்ச் சொன்னேன், கொதிப்போடு. அவர் உள்ளே வந்து டப்பாவில் கோழியைப் போட்டு, குழம்பு சிந்தாமல் துணி சுற்றிக் கட்டினார்.

"அக்கா வேலை போகலையில்ல?" என்றார். "போதும், காசுபா. பெரியவர் டப்பாவ எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு வா."

அவருக்குப் போதும். எனக்குப் போதவில்லை. குழந்தையை அவர் முதுகிலிருந்து அவிழ்த்து என் இடுப்பில் வைத்துக்கொண்டு, அசையாமல் நின்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மாமாவே டப்பாவைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.