நான்கு கொக்கி, பதினாறு நட்டு

என் பேத்தியின் ரோபோவுக்கு ஆறு சக்கரம். அதனால் ஆறு எலுமிச்சம்பழம் வாங்க வேண்டியதாயிற்று. புது வண்டி எதுவானாலும் சக்கரத்துக்கு ஒரு பழம் வைத்து நசுக்காமல் வாசலைத் தாண்டக் கூடாது என்பது என் மகளின் சட்டம். அவள் தினமும் பாலம் கடந்து சிங்கப்பூரில் கணினி வேலை பார்த்துவிட்டு வருகிறவள். இருந்தாலும் சட்டம் சட்டம்தான்.

ரோபோ என்றதும் கை கால் முளைத்த எதையோ எதிர்பார்த்தேன். வந்தது சாப்பாட்டு மேசையில் பாதி அளவுக்கு ஓர் அலுமினியச் சட்டம், மேலே ஒரு கரண்டி மாதிரி கை. பள்ளிகளுக்கிடையே போட்டி, இந்தச் சட்டங்கள் ஆறு ஒரே களத்தில் இறங்கிப் பந்து பொறுக்கும், ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். இடி தாங்குவதற்காகச் சுற்றிலும் பம்பர். நீச்சல் குளத்தில் பிள்ளைகள் கட்டிக்கொண்டு மிதக்கும் நுரைக் குழாயை ஒட்டுப்பலகையில் வைத்துத் துணி போர்த்தியிருந்தார்கள். மொத்தம் இரண்டு பம்பர்: சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று. ஓர் ஆட்டத்தில் சிவப்பு அணி என்றால் அடுத்த ஆட்டத்தில் நீல அணியாக இருக்கலாம். நடுவில் எட்டே நிமிடம். அதற்குள் பம்பரை மாற்றாவிட்டால் ஆட்டம் கிடையாது.

அந்தப் பம்பரைச் சட்டத்தோடு பிடித்து வைத்திருந்தவை நான்கு கொக்கிகள். பழைய தகரப் பெட்டியில் இருக்குமே, விரலால் தட்டினால் திறந்துகொள்ளும் கொக்கி. அதேதான்.

போட்டிக்கு முதல் நாள் காலையில் ஸ்கூடாயில் உள்ள மண்டபத்தில் எடை பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டார்கள். அன்றிரவு அதை அங்கே விட்டுவைக்க மனமில்லாமல் பிள்ளைகள் எங்கள் வீட்டுக் கார் போர்ச்சுக்குக் கொண்டுவந்தார்கள். பேத்தியோடு சேர்த்து ஐந்து பேர். சூடம் காட்டி, பழங்களை வைத்தோம். பேத்தி பொத்தானை அழுத்தினாள். ஆறு பழமும் நசுங்கின. சாற்றில் சக்கரம் வழுக்கி ரோபோ நேரே போய் இரும்புக் கேட்டில் முட்டியது. ஒரு கொக்கி திறந்துகொண்டது. பம்பரின் ஒரு முனை தரையில் தொங்கியது.

"கொக்கிய சரியா மாட்டல தாத்தா, அவ்ளோதான்" என்றாள் பேத்தி.

"முதல் இடிக்கே ஒண்ணு போச்சு. நாளைக்கு எத்தன இடி?"

"தெரியாது லா."

தெரியாதாம். நான் காஹாங் பக்கம் அரசாங்கத்தின் நீரேற்றும் பம்புகளைப் பார்த்துக்கொண்ட முப்பத்தொரு வருடத்தில் எனக்குத் தெரியாமல் ஒரு நட்டு கழன்றதில்லை. எங்கள் இலாகாவில் ஒரு போல்ட்டுக்கு இரண்டு நட்டு. முதல் நட்டு வேலை செய்யும். இரண்டாவது, முதல் நட்டைக் காவல் காக்கும். அரசாங்கமே நட்டை நம்பாதபோது நான் எப்படிக் கொக்கியை நம்புவது?

மாலை அவர்கள் எல்லோரும் டியூஷனுக்குப் போனார்கள். மாட்டியிருந்த சிவப்புப் பம்பர்ப் பலகையின் மேல்விளிம்பு நுரைக்கு மேலே இரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது. அதையும் சட்டத்தையும் சேர்த்து எட்டுத் துளை போட்டேன். எட்டு போல்ட், பதினாறு நட்டு. வாஷர் மட்டும் டப்பாவில் ஏழுதான் இருந்தது. எட்டாவது போல்ட் வாஷர் இல்லாமல் போனதில் அன்றைக்குச் சாப்பாடே சரியாக இறங்கவில்லை. மற்றபடி திருப்தி. பிள்ளைகளிடம் சொல்லவில்லை. நல்லது செய்துவிட்டுத் தம்பட்டம் அடிக்கக் கூடாது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் முதல் ஆட்டம் சிவப்பு. இருபத்திரண்டு இடி. பம்பர் அசையவில்லை. நான் மேல் வரிசையில் உட்கார்ந்து கச்சான் கடலை தின்றேன். அடுத்த ஆட்டம் நீலம் என்று பலகையில் எழுத்து ஓடியபோதுதான் கச்சான் தொண்டையில் நின்றது. இறங்கிப் போனேன். முப்பத்தாறு படி.

பேத்தி கொக்கிகளைத் தட்டிவிட்டுப் பம்பரை இழுத்துக்கொண்டிருந்தாள். அது வரவில்லை. அப்புறம் குனிந்து பார்த்தாள்.

"தாத்தா."

"ம்."

"இது என்னா?"

"நட்டு."

"எத்தன?"

"பதினாறு."

அணியில் இருந்த அவளுடைய மலாய்த் தோழியும் குனிந்து பார்த்தாள். "அலமாக்" என்று மலாயில் மெதுவாக ஐயோ போட்டாள்.

"இந்த ஆட்டம் இல்லன்னா நாங்க வெளிய, தெரியுமா? அடுத்த வருசம் நான் ஸ்கூல்லயே இல்ல" என்றாள் பேத்தி. கத்தவில்லை. கத்தியிருந்தால் பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும்.

அவர்கள் பெட்டியில் அறுகோணச் சாவிகள்தான் இருந்தன. ஸ்பேனர் என் காரின் பின்பெட்டியில். வழக்கமான நெரிசலில் கார் நிறுத்த இடம் கிடைக்காமல் கடைவரிசைக்குப் பின்னால் விட்டிருந்தேன். "நானூற்றுப் பன்னிரண்டு அடி. போய் வர அத ரெண்டால பெருக்கினா..." என்று ஆரம்பித்தேன்.

"எண்ணாதீங்க தாத்தா. கார் சாவியக் குடுங்க."

தோழி சாவியோடு ஓடினாள். மூன்று நிமிடத்தில் இரண்டு ஸ்பேனரோடு திரும்பினாள். இரண்டு நட்டு இறுக்கியிருந்தால் கழற்ற இரண்டு ஸ்பேனர் வேண்டும். அந்த மட்டில் எனக்கு அறிவிருந்தது. நான் மண்டியிட்டேன். என் முழங்கால் போட்ட சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து அணி திரும்பிப் பார்த்தது. கழற்றக் கழற்றப் பேத்தி உள்ளங்கையை நீட்டினாள். பன்னிரண்டு நட்டு, பதின்மூன்று, பதினான்கு.

"நீல அணி, உள்ளே வாங்க" என்று ஒலிபெருக்கி கூப்பிட்டது.

ஒரு போல்ட் மீதி. பேத்தி என்னைத் தள்ளி உட்காரவைத்துவிட்டு, சட்டத்தில் காலை ஊன்றிப் பம்பரைப் பிடித்து இழுத்தாள். பலகை கிழிந்துகொண்டு கையோடு வந்தது. வாஷர் இல்லாத எட்டாவது போல்ட் அது. வாஷர் போட்டிருந்தால் அவள் இன்னும் இழுத்துக்கொண்டிருப்பாள். தனியே நின்ற போல்ட்டைக் கட்டைவிரலால் உள்ளே அழுத்திவிட்டு நீலப் பம்பரை வைத்தாள். நாலு கொக்கி, நாலு தட்டு. எட்டு நொடிகூட ஆகவில்லை.

உள்ளே போனார்கள்.

நான் மேலே ஏறவில்லை. தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். பத்தொன்பது இடி. ஒவ்வொரு இடிக்கும் கொக்கியைத்தான் பார்த்தேன். ஒன்றாவது திறந்துகொள்ளாதா என்று மனத்தின் ஓர் ஓரம் ஆசைப்பட்டதை ஒளிப்பதில் பிரயோசனமில்லை. ஒன்றே ஒன்று. ஆட்டம் கெடாத அளவுக்கு. ஒன்றும் திறக்கவில்லை. மூன்று புள்ளியில் ஜெயித்துப் பிற்பகல் சுற்றுக்குப் போனார்கள்.

வெளியே வந்த பேத்தி வியர்வையைத் துடைத்தாள்.

"எத்தன இடி தாத்தா?"

"பத்தொம்பது."

"கொக்கி?"

"நாலும் இருக்கு."

 கையை நீட்டினாள். இரண்டு ஸ்பேனரையும் கொடுத்தேன். தன் கருவிப்பெட்டிக்குள் போட்டு மூடி, "சாயங்காலம் தரேன்" என்றாள்.

அந்தப் பெட்டிக்கும் கொக்கிதான் போட்டிருந்தார்கள். அவ்வளவு கனமான பெட்டிக்கு இரண்டே இரண்டு. நான் வாயைத் திறக்கவில்லை.