எதிர் நாற்காலி

கோவில்பட்டியில் கூரியர் பார்சல் கொடுக்கப் போன வீட்டில் அவரைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு பூதக்கண்ணாடி மாட்டியிருந்தார். விரல் உயரப் போர்வீரர் பொம்மைகளை மேசையில் நிறுத்திச் சண்டை விளையாட்டு ஆடுகிறவர். பஞ்சு வைத்த காலித் தீப்பெட்டிகளில் வீரர்கள் ஆளுக்கொன்றாகப் படுத்திருந்தார்கள். போர்க்களத்துக்காகப் பலகையில் கரிசல் மண்ணைக் குழைத்துப் பூசியிருந்தார்.

“நாம செதுக்கவே வேண்டாம் அண்ணாச்சி. வெயில்ல வச்சா அதுவே வெடிச்சு ஓடையும் பள்ளமுமா ஆயிரும்” என்றார்.

“யாரு கூட விளையாடுவீங்க?”

“இங்கன உக்காந்து எனக்குப் பகடைய உருட்டுவேன். அப்புறம் அங்கன போயி அவருக்கு உருட்டுவேன்.”

எதிர் நாற்காலியில் யாரும் இல்லை. தோளில் கிடந்த துண்டால் அதைத் துடைத்தார்.

“அஞ்சு நிமிசம் உக்காருதீங்களா? சொல்லித் தாரேன்.”

“இன்னும் நெறைய பார்சல் கெடக்கு, சார். அடுத்த தடவ வாரேன்” என்று வண்டியை எடுத்துவிட்டேன். எனக்கு எப்போதும் அவசரம்தான்.

அடுத்த பார்சல் வந்தால் அவர் வீட்டுக்குக் கடைசியாகப் போய், சாவகாசமாக உட்கார வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். மாதக்கணக்காகிறது, அவர் பெயருக்கு எதுவும் வரவில்லை. காசு கொடுத்து வாங்கக்கூடியதையெல்லாம் அவர் வாங்கி முடித்துவிட்டார் போலிருக்கிறது.