முடி வெட்டாதவன்

ஊரில் ஆண்டுதோறும் நடக்கும் குளிர்காலப் புதையல் வேட்டை வந்துவிட்டால் அந்தச் சலூன்காரிக்குக் கை துறுதுறுக்கும். நகரமே தேடினாலும் ஒளித்துவைத்த பரிசுப் பெட்டி தனக்குத்தான் என்று சத்தியமே செய்வாள்.

கடைசிக் குறிப்பைப் புருஷன் போர்வைக்குள்ளிருந்து வாசித்தார்:

“முடி வெட்டாதவன், முகம் கழுவாதவன்,
குளிரில் நடுங்காதவன், கூப்பிட்டால் வராதவன்.”

“நீங்கதான்னு சொல்லியிருப்பேன். ஆனா நீங்க நடுங்குறீங்களே! பூங்காவுல இருக்கிற சிலைதான். எந்திரிங்க, போவோம்!”

போர்வை அசையவே இல்லை.

தனியாகவே ஓடினாள். சிலையின் காலடிப் பனியில் கையை விட்டுப் பெட்டியை எடுத்தாள். உள்ளே ஒரு பரிசுச் சீட்டு: அவள் சலூனிலேயே ஒருவருக்கு இலவச முடிவெட்டு. வேட்டையை நடத்துபவர்கள் பரிசு கேட்டபோது அவளே கொடுத்தது!

அங்கே தேட வந்திருந்த கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவள் அசரவில்லை. நேரே வீட்டுக்கு வந்து போர்வையை உருவினாள்.

“ஜெயிச்சாச்சு. தலையைக் குனிங்க.”