ஒரு சொல்லுக்கு இத்தனை வேலை

எங்கள் மிளகுத் தோட்டத்தில் நாற்பத்து நாலு வயதில் இங்கிலீஷ் படிக்கப் போனவள் நான் ஒருத்திதான். ஆசைப்பட்டுப் போகவில்லை, வேறு வழியில்லாமல் போனேன். என் வீட்டுக்காரர் மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். கம்பு ஊன்றி வாசல் வரை நடப்பார், அதற்கு மேல் முடியாது. வீட்டில் ஒருவராவது தோட்ட வேலைக்குப் போகும் வரைதான் தோட்டம் தந்த லயத்து அறை எங்களுக்கு. இல்லாவிட்டால் காலி பண்ணச் சொல்லிவிடுவார்கள். நான் போய்க்கொண்டிருந்தேன், ஆனால் என் முழங்கால்கள் சரிவில் ஏற மாட்டேன் என்று அடம்பிடிக்கத் தொடங்கியிருந்தன. மகள் பள்ளிக்கூடத்தில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பதிலாக அவள் மலைக்கு ஏற வேண்டி வருமோ என்று நினைத்தாலே சோறு இறங்காது.

அப்போதுதான் வெளிநாட்டில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மாத்தளை டவுனில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டேன். இங்கிலீஷில் நேர்முகம் வைப்பார்கள். நாற்பத்தைந்து நிறைந்துவிட்டால் எடுக்க மாட்டார்கள். எனக்கு ஐப்பசியில் நிறைகிறது. ஆக, எனக்கு ஒரே ஒரு தடவைதான்.

டவுனில் ஒரு சாமான் கடைக்கு மேல்மாடியில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடந்தது. சொல்லிக்கொடுத்தவர் டவுனிலேயே பிறந்து வளர்ந்த ஒரு முஸ்லிம் டீச்சர். தமிழும் சிங்களமும் மாற்றி மாற்றிப் பேசுவார். நாங்கள் ஒன்பது பெண்கள். நான்தான் மூத்தவள். முதல் நாளே கொப்பியின் நடுவில் கோடு போட்டு, இடது பக்கம் இங்கிலீஷ், வலது பக்கம் தமிழ் என்று எழுத ஆரம்பித்தேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எனக்குப் படிப்பு என்றால் அதுதான். ஒரு சொல், அதற்கு ஒரு கருத்து, பாடமாக்கினால் முடிந்தது.

மூன்றாவது வாரம் 'ரன்' வந்தது. ஓடு என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தேன். டீச்சர் விடவில்லை. பைப்பில் தண்ணீர் வந்தாலும் ரன்னாம். மூக்கு ஒழுகினாலும் ரன்னாம். கடை நடத்தினாலும், பஸ் ஓடினாலும், சாயம் போனாலும், தேர்தலில் நின்றாலும் ரன்னாம். நிற்பதற்கும் ஓடுவதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்த மனுஷர்கள் எப்படித்தான் உலகத்தை ஆண்டார்களோ என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'கெட்' அதைவிட மோசம். என் கொப்பியில் நாலு பக்கத்தைத் தின்றது. வாங்குவதும் கெட், வந்து சேர்வதும் கெட், நோயில் விழுவதும் கெட், விளங்கிக்கொள்வதும் கெட். ஒரே சொல்லின் தலையில் இத்தனை வேலையைக் கட்டினால் அது சொல் இல்லை, தோட்டத்துப் பொம்பளை என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன். அவள் லக்கலப் பக்கமிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற சிங்களப் பெண். சிரித்துவிட்டு, 'ட்ரங்க்' என்ற சொல்லைக் காட்டினாள். மரத்தின் அடியும் அதுதான், தகரப் பெட்டியும் அதுதான், யானையின் தும்பிக்கையும் அதுதான். முந்தின வாரம் அவளுடைய வாழைகளை யானை தின்றிருந்தது. அந்த ஒரு கருத்து மட்டும் தனக்கு மறக்காது என்றாள்.

என்னை உண்மையில் வருத்தியது 'லைன்'. பிறந்ததிலிருந்து நாங்கள் லைன் என்று சொல்லி வந்தது எங்கள் லயத்து வீட்டைத்தான். டீச்சர் தந்த தாளில் அதற்குக் கோடு, வரிசை, கயிறு, டெலிபோன் தொடர்பு, முகச் சுருக்கம் என்று பத்துக்கு மேல் கருத்து இருந்தது. வீடு இல்லை. இரண்டு தரம் தேடிப் பார்த்தேன். பிறகு நானே கடைசியில் பென்சிலால் வீடு என்று எழுதிக்கொண்டேன். யாரும் திருத்தவில்லை.

அந்த ஆறு மாதமும் நான் பட்ட பாட்டைச் சொன்னால் இன்றைக்கும் எனக்கே ஆத்திரம் வருகிறது. கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு மலைக்குப் போவேன். மிளகைக் கூடையில் உதிர்த்தபடி முணுமுணுப்பேன். எனக்குப் பேய் பிடித்துவிட்டதாக இரண்டு பேர் என் மகளிடமே சொல்லியிருக்கிறார்கள். புரட்டாசியில், நேர்முகத்துக்கு முந்தின நாள், மகள் கொப்பியைப் பிரித்து நானூறு சொல்லையும் கேட்டாள். பதினொன்றுதான் பிழையாகப் போனது. "அம்மா, நீங்க கட்டாயம் பாஸ்" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

நேர்முகம் டவுனில் ஒரு ஆபீஸ் அறையில், கம்ப்யூட்டர் திரையில் நடந்தது. திரையில் ஒரு வெள்ளைக்கார அம்மா. தன்மையான முகம். பெயர், ஊர், குடும்பம் எல்லாம் கேட்டார், சொன்னேன். வீட்டுக்காரரை எப்படிக் குளிப்பாட்டுகிறாய் என்று கேட்டார். அதற்கு மூன்று வசனம் தடுமாறாமல் சொன்னேன். நம்பிக்கை வந்துவிட்டது.

பிறகு அவர், இப்போது ஒரு வேலை சொல்கிறேன், கேட்டுக்கொள் என்றார். ஒரு வயதானவர், இரண்டு மருந்து, ஒன்று சாப்பாட்டுக்கு முன், மற்றது பின், தலை சுற்றினால் எதையோ கொடுக்கக் கூடாது. எதை என்பது எனக்குப் பிடிபடவில்லை. நடுவில் வேகமாகப் போய்விட்டார். என் காது அந்த ஒரு இடத்திலேயே நின்றுவிட்டது, மிச்சம் எல்லாம் தலைக்கு மேலால் போயிற்று.

விளங்கியதா என்று கேட்டார்.

"யெஸ், மேடம்" என்றேன்.

ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்.

"நோ, மேடம்."

அப்படியானால் நான் சொன்னதைத் திருப்பிச் சொல் என்றார்.

நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் பொறுமையாகக் காத்திருந்தார். அந்தப் பொறுமைதான் என்னைக் கொன்றது. கடைசியில் நன்றி சொல்லி முடித்துவிட்டார்.

என்னை எடுக்கவில்லை என்று முடிவு வந்ததும் டீச்சர் என்னைக் கூப்பிட்டு வகுப்பு மாடிப்படியில் உட்கார வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"அவங்க வேணும்னுதான் வேகமா சொல்வாங்களாம். எல்லாருக்கும் அப்படித்தானாம். திருப்பிக் கேக்குறவங்களத்தான் எடுக்குறாங்க. தெரியாம ஒரு மருந்தக் குடுத்துட்டா உசிருக்கு ஆபத்து இல்லையா?"

"எனக்குக் கேக்கத் தெரியாம இல்ல டீச்சர்."

"தெரியும். 'ப்ளீஸ் சே இட் அகேன்', ரெண்டாவது கிளாஸ்லயே சொல்லித் தந்தேனே. அப்ப ஏன் கேக்கல?"

விடியற்காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நிற்காதவருக்கு அதை எப்படி விளங்க வைப்பது? கணக்கப்பிள்ளை வேலையைப் பிரித்துச் சொல்வார், நாங்கள் சரிங்க என்போம். எந்த மலை, எத்தனை நிரை என்று காதில் விழாவிட்டாலும் சரிங்கதான். பிறகு போகும் வழியில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம். அவரிடமே திருப்பிக் கேட்டவள் வாயாடி. அவளுக்கு அன்றைக்கு ஆகச் செங்குத்தான மலை. என் அம்மா அப்படித்தான் நின்றாள், நானும் முப்பது வருடமாக அப்படித்தான் நிற்கிறேன். நாற்காலியில் இருப்பவர் விளங்கியதா என்று கேட்டால் எங்கள் வாயிலிருந்து வருவதற்கு ஒரே பதில்தான் உண்டு. அதை இங்கிலீஷில் சொல்லவா ஆறு மாதம் படித்தேன் என்று நினைத்தபோது, அந்த மாடிப்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

"நானும் கிளாஸ்ல ஒவ்வொரு நாளும் வெளங்குதான்னு கேட்டேன்" என்றார் டீச்சர், என் பக்கத்தில் படியில் உட்கார்ந்து. "நீங்க தலைய ஆட்டுனீங்க. நானும் நம்பிட்டேன்."

வீட்டுக்குப் போனபோது என் வீட்டுக்காரர் வாசலில் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். தெரியாத கேள்விக்குத் தோற்றிருந்தால் மனசு ஆறியிருக்கும், வாயைத் திறக்காமல் தோற்றேன் என்று சொன்னேன். இனி எனக்கு வயது இல்லை, மகளுக்கு என்ன வழி என்று கேட்டேன். அவர் கம்பைக் கட்டில் ஓரமாகச் சாய்த்து வைத்தார்.

"நான் விழுந்த அன்னிக்கு மரம் நனஞ்சிருந்துச்சு" என்றார். "ஏணியும் ஆடுச்சு. ஏறவான்னு கணக்கப்பிள்ளகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். சரிங்கன்னுட்டு ஏறிட்டேன்."

அவர் விழுந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. இடுப்புக்கு எண்ணெய் தேய்த்தேன், குளிப்பாட்டினேன், கோபம் வந்தபோது திட்டவும் திட்டினேன். எப்படி விழுந்தீர்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.