குண்டு எழுத்தில் ஒரு சாவு நோட்டீஸ்

பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு ஆண்டு, முத்தியால்பேட்டையில் ஓர் அச்சகத்தில் அச்சுக்கோப்பவனாக இருந்தேன். புதிதாக ஒரு பெட்டி மர எழுத்து வந்திருந்தது. ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். கோணம் என்பதே கிடையாது. ‘அ’வின் சுழி நிறைகுடம்போல் உப்பியிருக்கும், மெய்யெழுத்தின் புள்ளி சுண்டைக்காய் அளவு. நாடகத்துக்கும் சர்க்கஸுக்கும் ஜவுளித் தள்ளுபடிக்குமாக வாங்கியது அது. இறைவன் திருநாமத்தை ஒருமுறையேனும் அவ்வெழுத்தில் அடுக்கிப் பார்க்க வேண்டுமென்று எனக்கு ஆசை. அத்தனை மயக்கம் அதன்மேல்.

ஒருநாள் காலை எங்கள் தெருவில் கிறிஸ்தவக் கொத்தனார் ஒருவர் இறந்துபோனார். அவர் மனைவி என்னை அழைப்பித்தார்.

“தன் தம்பிக்கு ஆள் அனுப்பக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுப் பூட்டாரு ஐயா. செவுத்துல நோட்டீஸ் ஒட்டுனா, அது ஆள் அனுப்புனதா ஆவாது இல்ல? பெரிய மார்க்கெட்டுல மூட்டை தூக்குறான். அவன் கண்ணுல படணும். அவன் ஒரு பிடி மண்ணு போடாம இவரு அடங்க மாட்டாரு.”

மாலை ஐந்து மணிக்கு அடக்கம்.

எங்கள் ஊரில் சாவு நோட்டீஸுக்கென்று ஒரு முகம் உண்டு: சுற்றிலும் கறுப்புக் கட்டம், மேலே சிலுவை, ஒல்லி எழுத்து. அந்த ஒல்லி எழுத்தை நான் நம்பவில்லை. குண்டு எழுத்தில் பெயரை அடுக்கினேன். அது தாளை முழுவதும் அடைத்துக்கொள்ளவே, கட்டத்தை எடுத்துவிட்டேன். சிலுவை ஒரு மூலைக்குப் போயிற்று.

இயந்திரம் ஓட்டுபவர் எட்டிப் பார்த்தார். “இன்னா சாமி, பூசணிக்காயா அடுக்கி வெச்சிருக்கீங்க? சாவு வூடா, சர்க்கஸ் கொட்டாயா?”

“கண்ணுல படணும்யா. நீ மையைத் தடவு.”

“படும், படும். டிக்கெட்டு எவ்ளோன்னு கேப்பான்.”

மார்க்கெட் வாசலில் இருபுறமும் நானே ஒட்டினேன்.

மாலையில் ஒவ்வொருவராகக் குழியில் மண் இட்டார்கள். அந்த அம்மாள் கல்லறைத் தோட்டத்து வாயிலையே பார்த்துக்கொண்டு நின்றார். பாதிரியார் சற்று நேரம் பொறுத்தார். பிறகு மண்வெட்டிக்காரருக்குத் தலையசைத்தார்.

“பார்த்துட்டும் வரல பாருங்க” என்றார் அம்மாள்.

மறுநாள் மார்க்கெட்டில் விசாரித்துத் தம்பியைத் தேடிப் போனேன். சும்மாட்டை மடியில் வைத்துக்கொண்டு, நான் ஒட்டிய தாளுக்கு நேர் கீழே குந்திப் பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

“இதைப் பார்க்கலையா?”

“எது, இந்த நாடகமா? எனக்குப் படிக்கத் தெரியாது சாமி. கறுப்புக் கட்டம் கட்டியிருந்தா யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டிருப்பேன். இது கூத்துக்காரன் எழுத்தாச்சே.”

அவனுக்கு ஓர் அண்ணன் உண்டென்றே அங்கு எவருக்கும் தெரியாது. நானே படித்துக் காட்டினேன். பெயர் வந்ததும் பீடியை உள்ளங்கையில் அழுத்தி அணைத்தான்.

“எப்போ?”

“நேத்து அஞ்சு மணிக்கு அடக்கம் பண்ணாங்க.”

“அஞ்சு மணிக்கு இங்கதான் குந்தியிருந்தேன்.”

அகந்தை என்னுடையது, அதற்கு அழுதவர்கள் பிறர். பெருமான் அதை ஏன் அப்படி வகுத்தான் என்று இன்றளவும் எனக்கு விளங்கவில்லை.

அவனை அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய், பிழை முழுதும் என்னுடையது என்று சொன்னேன். அம்மாள் கேட்டதாகவே தெரியவில்லை. வாசலில் நின்ற கொழுந்தனை நெடுநேரம் பார்த்தார்.

“மூடிட்டாங்கப்பா” என்றார்.