முழங்கால் உயர நாய்

என் அப்பாவுக்கு அளந்து பார்க்காமல் எதையும் நம்பத் தெரியாது. திருநெல்வேலியிலிருந்து வந்து, ஓசூர் சிப்காட்டில் பல்சக்கரம் செய்யும் கம்பெனியில் தர ஆய்வாளராக இருந்தார். மயிரிழை கூடினாலும் உருப்படியைத் தூக்கி ரிஜெக்ட் பெட்டியில் போட்டுவிடுவார். நான்காம் வகுப்புப் படித்தபோது, வேப்பனப்பள்ளி மாந்தோப்பிலிருந்து நான் ஒரு நாட்டு நாய்க்குட்டியைத் தூக்கி வந்ததும் அவர் முதலில் எடுத்தது வெர்னியர் காலிப்பரைத்தான்.

நாங்கள் இருந்தது லைன் வீடு. முன்பு குடியிருந்தவர்களின் பெரிய நாய் மேலே பாய்ந்ததில் வீட்டுக்கார அம்மா விழுந்து கையை ஒடித்துக்கொண்டிருந்தார். குட்டியைப் பார்த்த அன்றே வாசலுக்கு வந்து சொல்லிவிட்டார்.

“நாய் என் மொழங்கால் வரைக்கும் வளந்தா இருக்கட்டும் சார். அதுக்கு மேல போச்சுன்னா எடுத்த எடத்துலயே விட்டுடணும்.”

அப்பா குட்டியின் முன்னங்காலைத் தூக்கிப் பாதத்தின் அகலத்தை அளந்தார். “பாதம் சிறுசாத்தான் இருக்கு. முட்டியத் தாண்டாதும்மா,” என்றார். அந்தரத்தில் இருக்கும் பாதம் சுருங்கியிருக்கும், தரையில் ஊன்றினால்தான் விரியும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. எதையும் கையில் எடுத்து அளந்தே பழகியவர். போதாக்குறைக்கு, வீட்டுக்கார அம்மாவைச் சுவரோரம் நிற்கச் சொல்லி, அவர் முழங்கால் உயரத்துக்குச் சிவப்புச் சாக்பீஸால் கோடும் போட்டார்.

ஞாயிறுதோறும் குட்டியைச் சுவரோடு நிறுத்தி, தோள் உயரத்தைப் பென்சிலால் குறிப்பார். மூன்றே மாதத்தில் பென்சில் கோடு சிவப்புக்கு நான்கு விரல் கீழே வந்து நின்றது. சோறு போட்டால்தானே வளரும் என்று கணக்குப் போட்டேன். அம்மா கொடுத்தனுப்பும் பால்சோற்றில் பாதியைச் சாக்கடையில் கொட்டினேன். அது காலித் தட்டை நக்கிவிட்டு என் முகத்தைப் பார்க்கும். நான் சுவரைப் பார்ப்பேன். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அப்படியும் கால்கள் வளர்ந்தன. விலா எலும்புகள்தான் துருத்திக்கொண்டன. ஐந்தாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பென்சில் கோடு சிவப்புக்கு ஒரு விரல் மேலே விழுந்தது. அப்பா நாயின் விலாவைத் தடவிப் பார்த்தார்.

“ஏட்டி, சோறு வைக்கியா இல்லியா?”

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அடிக்கவில்லை. ஈரத் துணியை எடுத்துச் சிவப்புக் கோட்டைத் துடைத்துவிட்டு, இரண்டு விரல் உயர்த்திப் புதிதாக ஒன்று போட்டார்.

அன்று மாலையே வீட்டுக்கார அம்மா வந்துவிட்டார். “நாய் வளந்துட்ட மாதிரி இருக்கே சார்?”

“கோட்டுக்குக் கீழதாம்மா இருக்கு.” அப்பா தரையைப் பார்த்துச் சொன்னார்.

வீட்டுக்கார அம்மா கோட்டைப் பார்த்தார். எலும்பும் தோலுமாக நின்ற நாயைப் பார்த்தார். பிறகு சுவரோரம் போய், சேலையை முழங்காலோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். ஆனால் முழங்கால் கோட்டுக்குச் சரியாக இருந்தது.

“சரியாத்தான் இருக்கு. சோறு நல்லா போடுங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு நாய் இன்னும் நான்கு விரல் வளர்ந்தது. யாரும் அளக்கவில்லை.

அன்று அவர் சுவரோரம் நின்றபோது, நான் நாயைக் கட்டிப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாவின் குதிகால்கள் என் கண்ணுக்கு நேராக இருந்தன. இரண்டும் தரையில் படவில்லை. மார்கழியில் ஓசூர் சிமெண்டுத் தரை ஐஸ் மாதிரி இருக்கும். பாவம், காலுக்குக் குளிர்கிறது போல என்றுதான் நினைத்தேன்.